பாக்கெட்டில் ஒரு பெங்களூரு அதிசயம்: சிம்ப்யூட்டர் தெரியுமா?

ஐபோன் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, கையை ஒரு அசைப்பு அசைத்தால் பக்கம் புரளும் கைக்கணினி ஒன்று பெங்களூருவில் விற்பனைக்கு வந்துவிட்டது, தெரியுமா? அதன் ஆரம்ப விலை 9,950 ரூபாய்! வடிவமைத்தவர்கள் பெங்களூருக்காரர்கள், தயாரித்தது பெங்களூரு தொழிற்சாலை, உள்ளே ஓடியது லினக்ஸ். நம் மொழிகளில் எழுத்தைக் காட்டும், வாய்விட்டுப் படித்தும் காட்டும். அதன் பெயர் சிம்ப்யூட்டர். எளிமை, மலிவு, பல மொழி என்ற மூன்றையும் சேர்த்து வைத்த பெயர்.

இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாமல் விடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். போன் நம்பர், முகவரி, பிறந்தநாள், இன்றைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் எல்லாவற்றையும் சின்ன டைரியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்த காலம். 1984-லேயே இங்கிலாந்தின் சயான் நிறுவனம் கையில் பிடிக்கும் மின்னணு ஆர்கனைசரைக் கொண்டுவந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கேசியோ டிஜிட்டல் டைரி வாங்கி வந்தால் வீடே கூடி நின்று பார்க்கும். ஆப்பிள் 1993-ல் நியூட்டனை இறக்கியது. விலை 700 டாலர் அளவில்! கையெழுத்தைப் படிப்பதில் அது செய்த குளறுபடிகள் ஊர் சிரிக்கும்படி ஆனது. 1996-ல் வந்த பாம் பைலட்தான் இந்த வகைக் கருவிகளுக்கு உயிர் கொடுத்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டி, அதைக் கணினியாகவே பாவித்துப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது நாள் குறிக்கக் கேட்டால் மரக்கட்டையை எடுத்து, குச்சியால் தட்டுவதுபோல் பாவனை செய்வார். பையில் அடங்குமா, கைக்கு வாகாக இருக்குமா என்பதை ஒரு சிப் கூட இல்லாமல் சோதித்துவிட்டார்!

ஆனால் இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை இருந்தது. வாங்குகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கருவி ஒருவருக்கு மட்டுமே சொந்தமாக இருக்கும். இந்த இரண்டையும் உடைத்துப் பார்க்கலாமே என்று நினைத்தவர்கள் பெங்களூருவில் இருந்தார்கள்.

1998 அக்டோபரில் பெங்களூருவில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. அதன் முடிவில் வெளியான பெங்களூரு பிரகடனத்தில்தான் இந்த எண்ணத்தின் வேர் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1999 நவம்பரில், சிம்ப்யூட்டர் டிரஸ்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு உருவானது. அதில் ஏழு பேர். இந்திய அறிவியல் கழகத்தின் கணினித்துறையிலிருந்து சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் என நான்கு பேராசிரியர்கள். என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்திலிருந்து வினய் தேஷ்பாண்டே, சஷாங்க் கார்க், மார்க் மத்தியாஸ் என மூன்று பொறியாளர்கள். பாடம் நடத்தும் பேராசிரியரும் சம்பாதிக்க வேண்டிய கம்பெனிக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, லாபம் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டு ஒரு கணினியை வடிவமைத்தார்கள். இதையே நான் பெரிய அதிசயமாக நினைக்கிறேன்.

இதைக் கேளுங்கள்: இந்த நான்கு பேராசிரியர்களும் ஏறக்குறைய அதே நேரத்தில், 2000-ல், ஸ்ட்ராண்ட் என்ற இன்னொரு நிறுவனத்தையும் தொடங்கினார்கள். மரபணுத் தரவுகளை அலசும் நிறுவனம்! ஒரு கையில் கிராமத்துக்கான கணினி, மறு கையில் மனித மரபணு. அந்த ஸ்ட்ராண்ட் வளர்ந்து, 2021-ல் அதன் பெரும்பங்கை ரிலையன்ஸ் வாங்கியது.

சரி, கருவிக்குள் என்ன இருந்தது? மலிவு என்றதும் ஒப்புக்குச் செய்த பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இன்டெல்லின் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், வேகம் 206 மெகாஹெர்ட்ஸ். காம்பேக் நிறுவனம் 2000-ல் உலகச் சந்தையில் இறக்கிய விலையுயர்ந்த ஐபேக் கைக்கணினியில் துடித்ததும் இதே சிப்தான்! திரை 320-க்கு 240 புள்ளி. படங்களையும் தகவல்களையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள 32 எம்பி ஃபிளாஷ் நினைவகம். இன்றைய போனில் எடுக்கும் பத்துப் படங்களுக்கு அந்த இடம் காணாது. அதற்குள் லினக்ஸ், முகவரிப் புத்தகம், உலாவி, பேசும் மென்பொருள் அத்தனையும் உட்கார்ந்திருந்தன.

இனி வருவதுதான் என்னை இன்றுவரை வியக்க வைக்கும் பகுதி.

அந்தக் கருவியில் ஸ்மார்ட் கார்டு செருக ஒரு வாய் வைத்தார்கள். எதற்கு? 1999-ல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: எவ்வளவு குறைத்தாலும் இந்தக் கணினியை 9,000 ரூபாய்க்குக் கீழே கொண்டுவர முடியாது. ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்துக்கு அது பல மாத வருமானம். விலையைக் குறைக்க முடியாது, எனவே ஆளைக் கூட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள்! ஊருக்கு ஒரு சிம்ப்யூட்டர். அது பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ பெட்டிக்கடையிலோ இருக்கும். ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு. வேண்டும்போது கருவியை வாடகைக்கு எடுத்து, கார்டைச் செருகினால் அது உங்கள் கணினி. உங்கள் கணக்கு, உங்கள் குறிப்பு, உங்களுக்குப் பிடித்த மொழி எல்லாம் கார்டில் வந்துவிடும். கார்டை உருவினால் அடுத்தவருடைய கணினி. 9,000 ரூபாய்க் கருவியை நூறு குடும்பம் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு 90 ரூபாய்! பெர்சனல் என்ற சொல்லோடு பிறந்த ஒரு கருவியை ஊர்ப் பொதுக் கிணறுபோல் ஆக்கி, அதே சமயம் ஒவ்வொருவரின் தகவலையும் அவரவர் இடுப்பு முடிச்சிலேயே பத்திரமாக வைக்கும் வழி. கைக்கணினி விற்ற பெரிய கம்பெனிகள் இப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்கத் தேவையும் அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் ஆளுக்கு ஒன்று விற்றால்தான் அவர்களுக்கு ஆதாயம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? அதற்குத்தான் த்வனி! ரமேஷ் ஹரிஹரனின் முயற்சியில் இந்திய அறிவியல் கழகத்தில் உருவான, எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள். அது வேலை செய்யும் விதம் தெரியுமா? மனிதக் குரலில் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளைப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஒரு வரியைக் கொடுத்தால், அதை ஒலிகளாகப் பிரித்து, பொருத்தமான துண்டுகளை எடுத்து ஒட்டிச் சொல்லும். ஆங்கிலத்தில் இது பெரிய தலைவலி, ஏனென்றால் எழுதுவது ஒன்று, வாசிப்பது வேறு. நம் மொழிகளில் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கிறோம். அதனால்தான் அவ்வளவு சின்னக் கருவிக்குள் ஒரு குரலை அடக்க முடிந்தது. கன்னடத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து இருப்பதால் வேலை சுலபம். தமிழுக்கு வந்தால் ஒரு சிக்கல். கல், பகல், தங்கம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது! பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் எந்த ஒலி என்று முடிவு செய்ய வேண்டும். நாம் ஒன்றாம் வகுப்பில் யோசிக்காமல் செய்வதை ஒரு யந்திரத்துக்கு விதி விதியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. த்வனியின் மூல நிரல் பின்னர் கட்டற்ற மென்பொருளாக எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தன்னார்வலர்கள் அதை எடுத்துப் பல இந்திய மொழிகளுக்கு விரித்தார்கள்.

2001 ஏப்ரலில் முதல் மாதிரிக் கருவியைக் காட்டினார்கள். அதற்கு என்ன பேட்டரி? கடையில் கிடைக்கிற சின்ன AAA பேட்டரி! மின்சாரம் எப்போது வரும் போகும் என்று தெரியாத ஊருக்குப் போகும் கருவி, பெட்டிக்கடைச் சரக்கிலேயே ஓட வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டு முடிவில் நியூயார்க் டைம்ஸ் இதழ் அவ்வருடத்தின் சிறந்த யோசனைகளைத் தொகுத்தபோது, அறிவியல் புனைகதை எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் சிம்ப்யூட்டரைப் பற்றி எழுதினார். 2001-ன் கணினி உலகப் புதுமைகளில் முக்கியமானது என்று அவர் தேர்ந்தெடுத்தது ஆப்பிளும் இல்லை, மைக்ரோசாஃப்டும் இல்லை. பெங்களூருவின் இந்தச் சின்னப் பெட்டி!

இன்னொன்று தெரியுமா? மென்பொருளை ஊருக்குத் திறந்துவிடுவது அப்போது உலகம் பழகிவிட்ட விஷயம். இவர்கள் கருவியின் வடிவமைப்பையே திறந்தார்கள். அதற்கென்று தனி உரிமம் எழுதினார்கள். வளரும் நாட்டு நிறுவனம் தயாரிக்க விரும்பினால் ஒருமுறை 25,000 டாலர் கட்டினால் போதும், வளர்ந்த நாட்டு நிறுவனம் என்றால் அதற்குப் பத்து மடங்கு. வடிவமைப்பை மேம்படுத்தினால் அந்த மாற்றத்தை ஓராண்டுக்குப் பிறகு எல்லோருக்கும் வெளியிட வேண்டும். உழைத்தவருக்கு ஓராண்டு லாபம், பிறகு ஊருக்குச் சொந்தம். எவ்வளவு நியாயமான கணக்கு!

கருவியைத் தயாரித்து விற்பதற்காகப் பேராசிரியர்கள் பிகோபீட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தயாரிப்புக்குக் கைகோத்தது யார் தெரியுமா? 1954-ல் தொடங்கப்பட்ட, ராணுவத்துக்கு ரேடார் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அதாவது பெங்களூரு ஜாலஹள்ளியின் பெல் நிறுவனம். நாம் ஓட்டுப்போடும் மின்னணு யந்திரத்தைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்றும் இதே பெல்தான். எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு யந்திரத்தில் வாக்களித்த முதல் மக்களவைத் தேர்தல் நடந்தது 2004-ல். இவர்கள் கூட்டில் பிறந்த அமிடா என்ற சிம்ப்யூட்டர் கடைக்கு வந்ததும் அதே 2004-ல்! கறுப்பு வெள்ளைத் திரையுள்ள ஆரம்ப மாடல் 9,950 ரூபாய், அடுத்தது 12,450, வண்ணத் திரை வேண்டுமென்றால் 19,950. கருவியை அசைத்தால் அதை உணரும் உணரி, எந்த மொழியிலும் திரையில் கையால் எழுதி அப்படியே மின்னஞ்சலாக அனுப்பும் வசதி. தட்டச்சு தெரிய வேண்டாம், எழுத்துரு வேண்டாம். தாத்தா கோணல் எழுத்தில் எழுதினால் பேரனுக்கு அதே கோணல் எழுத்து போய்ச்சேரும்!

எங்கெல்லாம் வேலை பார்த்தது இது! கர்நாடகத்தின் பூமி திட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 67 லட்சம் விவசாயிகளின் சுமார் இரண்டு கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, 15 ரூபாய் கட்டினால் தாலுகா அலுவலகத்தில் பஹணி அச்சிட்டுத் தந்த திட்டம். நம் ஊர் அடங்கல் மாதிரியானது பஹணி. எந்த வயலில் என்ன பயிர் என்று நேரில் போய்ப் பதிவதற்கு சிம்ப்யூட்டரைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பெங்களூரு போக்குவரத்துக் காவலர்கள் விதிமீறல் சீட்டுப் போடக் கையில் எடுத்தார்கள். சத்தீஸ்கரில் பள்ளிக்கூடத்துக்குப் போனது. என்கோர் நிறுவனம் இதே வழியில் ராணுவ வீரர்களுக்காக சாத்தி என்ற கைக்கருவியைச் செய்தது.

இவ்வளவும் இருந்தும் விற்கவில்லை. 50,000 போகும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏறக்குறைய 4,000 மட்டுமே போனது. மனம் வலிக்கிறது, ஆனால் காரணம் தெளிவானது. அந்தக் காலகட்டத்தைப் பாருங்கள்: 2003 ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் கையில் செல்போன் என்று அறிவித்தது. அதே ஆண்டு உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டு டார்ச் வைத்த நோக்கியா 1100 வந்தது. அது உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன்! மும்பையில் வேலை பார்க்கும் மகனோடு பேச வேண்டும் என்பதுதான் கிராமத்து அம்மாவின் முதல் தேவையாக இருந்தது. அதைச் செல்போன் தீர்த்தது, சிம்ப்யூட்டர் தீர்க்கவில்லை. சிப்பும் திரையும் லட்சக்கணக்கில் வாங்கினால்தான் விலை இறங்கும். லட்சக்கணக்கில் வாங்க ஒரு பெரிய அரசாங்க ஆர்டர் வேண்டும். அது வரவில்லை. வந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் யோசனை சாகவில்லை! உங்கள் தெரு ரேஷன் கடைக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் ஸ்மார்ட் குடும்ப அட்டை. கடைக்காரர் கையில் ஒரு சின்ன மெஷின், உங்கள் கையில் அட்டை. ஒரே கருவி, நூறு குடும்பம், வீட்டுக்கொரு அட்டை. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பெங்களூரு மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் பூ வாங்கிப் போனில் பணம் அனுப்புங்கள். இத்தனை ரூபாய் வந்தது என்று பூக்கூடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி கன்னடத்தில் உரக்கச் சொல்லும். படிக்கத் தெரியாத வியாபாரியும் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்ற அதே அக்கறை, இப்போது நாடெங்கும் தள்ளுவண்டிகளில் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த மார்க்கெட்டிலிருந்து இந்திய அறிவியல் கழகம் அதிக தூரமில்லை.

ஆகவே, இன்று அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ கடைக்கார மாமாவுக்கோ பத்தாயிரத்துக்குள் கையடக்கமாக ஒன்று வாங்கித் தர நினைத்து பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ ஏறி இறங்குகிறீர்கள் என்றால், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். சிம்ப்யூட்டரைச் செய்தவர்கள் கேட்ட கேள்விகளை முதலில் கேளுங்கள். குறிப்பும் கணக்கும் முகவரியும் கழற்றி எடுத்துப் போகக்கூடிய கார்டில் நிற்குமா, கருவி போனால் தகவலும் போய்விடுமா? கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பக்கவாட்டுத் தட்டைத் திறந்தே பாருங்கள், பல மாடல்களில் இப்போது இருப்பதில்லை. பேட்டரி தளர்ந்தால் உங்கள் ஊரிலேயே மாற்றித் தருவார்களா? வீட்டில் இரண்டு பேர் பகிர்ந்தால் ஒருவர் விஷயம் மற்றவர் கண்ணில் படாமல் தனித்தனிக் கணக்கு வைக்க முடியுமா? ஆண்ட்ராய்டில் இந்த வசதி உண்டு, ஆனால் சில கம்பெனிகள் அதை மறைத்தோ எடுத்தோ விடுகின்றன. கடையிலேயே தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன் அமைப்புகளுக்குள் போய், அணுகல்தன்மைப் பகுதியில் எழுத்திலிருந்து பேச்சு என்பதைத் திறந்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி, மாதிரியை ஓடவிடுங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையே காதருகே வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கடைத்தெரு இரைச்சலில் அவருக்குப் புரிகிறதா? வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், ஒலியைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் அடுத்த மாடலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.